சூரியனா, சந்திரனா: எதன் ஈர்ப்பு பெரிது?

காரைக்குடியில் ஒரு வீட்டின் வளவில் நிற்பவரைச் சந்திரன் இழுப்பதைவிடச் சூரியன் ஏறத்தாழ 178 மடங்கு வலுவாக இழுக்கிறது. சந்திரனைவிடச் சுமார் 390 மடங்கு தொலைவில் இருந்தாலும், சூரியனின் நிறை சந்திரனுடையதைவிட 2.7 கோடி மடங்கு என்பதே காரணம். ஆயினும் தொண்டிக் கடலின் ஓதத்தில், அதாவது கடல்மட்டம் நாள்தோறும் ஏறி இறங்குவதில், சந்திரனுக்கே முதலிடம். ஓதத்தை உண்டாக்குவது மொத்த இழுப்பன்று; பூமியின் அருகுப் பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் இடையே அவ்விழுப்பில் ஏற்படும் வேறுபாடே. ஈர்ப்பு தொலைவின் இருமடிக்கு ஏற்பக் குறைய, இவ்வேறுபாடோ மும்மடிக்கு ஏற்பக் குறைவதால், சூரியனின் பங்கு சந்திரனுடையதில் சுமார் 46 விழுக்காடாகச் சுருங்கிவிடுகிறது. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் இரண்டும் சேர்ந்து ஓதத்தைப் பெருக்குகின்றன. அட்டமியை ஒட்டி ஒன்றையொன்று தணிக்கின்றன. தொண்டியில் இந்த ஏற்ற இறக்கம் சிறியதே. கொண்டுவிக்க, அதாவது வணிகம் செய்ய, பர்மாவுக்குப் போன நகரத்தார் ரங்கூன் ஆற்றில் கண்ட ஓதம் பன்மடங்கு பெரிது.