காற்றா, பிங்க் திரவமா? டெக்சஸ் குளிருக்கு ட்ரெய்லரின் தண்ணீர்க் குழாய்கள்

அமெரிக்காவின் வடக்கே மினசோட்டாவில் ட்ரெய்லர் (காருக்குப் பின்னால் இழுத்துப்போய் முகாமில் தங்கும் வண்டி) வைத்திருப்பவர், குழாய்கள் உறைந்து வெடிக்காமலிருக்க அக்டோபரில் தண்ணீரை எடுத்துவிட்டுப் பூட்டினால், ஏப்ரல் வரை அந்தப் பக்கம் போகவேண்டிய வேலையில்லை. ஆஸ்டின் பக்கம் அப்படியில்லை. டிசம்பரில் 75 டிகிரி பாரன்ஹீட் வெயிலில் இங்க்ஸ் ஏரிக்கரையில் தங்கிவிட்டு வருவோம். அடுத்த வாரமே ஒரு ராத்திரி உறைநிலைக்கும் கீழே, 26 டிகிரிக்கு இறங்கும். ஜனவரி நீண்ட வார இறுதிக்கு மறுபடி கிளம்புவோம். ஒரே குளிர்காலத்தில் மூன்று நான்கு தடவை தண்ணீரை வடிப்பதும் நிரப்புவதுமாக இருக்கும். வடக்கே சொல்லும் யோசனை இங்கே அப்படியே பொருந்தாததற்கு இதுதான் காரணம்.

எங்கள் முதல் குளிர்காலத்தில் நான் செய்தது வெறும் வடிப்புதான். வண்டிக்கு அடியில் சிவப்பும் நீலமுமாகத் தொங்கும் இரண்டு வடிகுழாய்களைத் திறந்தேன், தண்ணீர் கொட்டியது, நின்றது, மூடிவிட்டேன். ஒரு உறைபனி ராத்திரிக்குப் பிறகு பார்த்தால் பம்ப்புக்கு முன்னால் இருக்கும் வடிகட்டியின் பிளாஸ்டிக் கிண்ணத்தில் முடி மாதிரி ஒரு விரிசல். அதில் தேங்கியிருந்தது அரைக் கப் தண்ணீர்கூட இருக்காது. ஆனால் தண்ணீர் உறைந்தால் கிட்டத்தட்ட 9 சதவீதம் பெருக்கும். மூடிய கிண்ணத்துக்கு அது போதும். பெக்ஸ் என்னும் வளையக்கூடிய பிளாஸ்டிக் குழாய் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும். பம்ப்பின் தலை, கழிப்பறை வால்வு, குழாய்த் திருகுகள், இணைப்புகள் கொடுக்காது. விடியற்காலையில் இரண்டு மணி நேரம் 30 டிகிரி என்றால் வடிப்பே போதும். அதற்கு மேல் அதை நம்பக்கூடாது.

உள்ளே ஹீட்டர் போட்டுச் சமாளிப்பது இன்னொரு வழி. வண்டியில் ஆள் தங்கியிருக்கும்போது அதுதான் வசதி, சந்தேகமில்லை. நிறுத்தி வைத்த வண்டிக்கு வேண்டாம். 2021 பிப்ரவரியில் டெக்சஸில் 45 லட்சத்துக்கும் அதிகமான வீடுகளிலும் வணிக இடங்களிலும் மின்சாரம் போனது. 16ஆம் தேதி டல்லாஸ் விமான நிலையத்தில் மைனஸ் 2 டிகிரி பாரன்ஹீட். குளிர் அதிகமாக இருக்கும் நாளில்தான் கரண்டும் போகும் என்று அந்த வாரம் எங்களுக்குப் புரிந்தது.

அடுத்தது பிங்க் திரவம். ப்ரொப்பிலீன் கிளைக்கால் கலந்த, ட்ரெய்லர்களுக்கென்றே விற்கும் ஆன்டிஃப்ரீஸ், அதாவது குளிரில் உறையாமல் காக்கும் திரவம். காருக்கு ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் விஷம். குடிநீர்க் குழாய் பக்கமே அதைக் கொண்டுபோகாதீர்கள். வாட்டர் ஹீட்டரை பைபாஸ் செய்துவிட்டு (அதற்குள் போகாமல் பக்கவழியில் திருப்பிவிட்டு), பம்ப்பின் உறிஞ்சு குழாயைக் கேனுக்குள் விட்டு, ஒவ்வொரு குழாயிலும் பிங்க் வரும்வரை திறந்தால் இரண்டு மூன்று கேலனில் வேலை முடிந்துவிடும். பைபாஸை மறந்தால் தொட்டியே ஆறு கேலனைக் குடித்துவிடும். பாதுகாப்பு என்று பார்த்தால் இதை மிஞ்ச எதுவுமில்லை, ஏனென்றால் பம்ப்புக்குள்ளும் போகிறது. தொல்லை அப்புறம்தான். மறுபடி முகாமுக்குப் போகும்போது இதை முழுக்கக் கழுவவேண்டும். எத்தனை அலசினாலும் முதல் காபியில் ஒரு இனிப்பு வாடை நிற்கும். வருஷத்துக்கு ஒருமுறை என்றால் பொறுத்துக்கொள்ளலாம், நான்கு முறை முடியாது.

அதனால் நான் குழாய்களில் காற்றடித்துத் தண்ணீரை வெளியே தள்ளும் முறைக்கு மாறினேன். முதலில் ஹீட்டரின் மின்சாரம், கேஸ் இரண்டையும் அணைத்து, தண்ணீர் ஆறியதும் அழுத்தத்தை விட்டுவிட்டு அதன் அடைப்பானைக் கழற்றவேண்டும். காலித் தொட்டியில் மின்சார எலிமெண்ட்டைப் போட்டால் கொஞ்ச நேரத்திலேயே கருகிவிடும். தொட்டி வடிந்ததும் ஹீட்டரை பைபாஸில் வைத்துவிட்டு, வெளிக்குழாய் மாட்டும் வாயில் சின்னப் பித்தளை அடாப்டரைத் திருகி கம்ப்ரஸரை இணைக்கிறேன். அழுத்தம் 30 முதல் 40 பிஎஸ்ஐ (கம்ப்ரஸரில் காட்டும் அழுத்த அலகு), அதற்கு மேல் கூடாது. ஒரு குழாயாவது திறந்திருக்கும்போதுதான் காற்றை விடுகிறேன். தூரத்தில் இருக்கும் குழாயில் தொடங்கி சூடு, குளிர், ஷவர், கழிப்பறை என்று ஒவ்வொன்றாக. முதலில் தண்ணீர் சீறும், பிறகு விக்கி விக்கித் துப்பும், கடைசியில் வெறும் பனிப்புகை மாதிரி வரும். அங்கே நிறுத்திவிடாமல் இன்னொரு சுற்று போகவேண்டும். முதல் சுற்றில் ஓரத்துக்கு ஒதுங்கிய தண்ணீர் இரண்டாவதில் வரும். வெளி ஷவரை மறப்பவர்கள்தான் அதிகம். சைக்கிளுக்குக் காற்றடிக்கும் சின்ன 12 வோல்ட் பம்ப் இதற்கு உதவாது. அழுத்தம் இருக்கும், காற்றின் அளவு போதாது. வேலை இருபது நிமிடம். திரும்ப நிரப்பும்போது கழுவ எதுவுமில்லை.

காற்றுக்கு எட்டாத இடங்கள் உண்டு. சிங்க்குக்கும் ஷவருக்கும் அடியில் இருக்கும் வளைகுழாயில் தண்ணீர் நிற்கத்தான் செய்யும். ஒவ்வொன்றிலும் ஒரு கப் பிங்க் ஊற்றுகிறேன். அது குடிநீர்ப் பாதையில் சேராது, அதனால் வாடையுமில்லை. பம்ப்பை அரை நிமிடம் வெறுமனே ஓட்டி, வடிகட்டிக் கிண்ணத்தைக் கையால் கழற்றிக் கொட்டிவிடுகிறேன். 15 டிகிரிக்குக் கீழே போகும் என்று வானிலை சொன்னாலோ, பிப்ரவரி வரை வண்டியை எடுக்கப்போவதில்லை என்றாலோ மட்டும் முழுப் பிங்க். அப்போதும் முதலில் காற்றடித்துவிட்டு. உள்ளே மிச்சத் தண்ணீர் இருந்தால் திரவம் நீர்த்துப்போய், கேனில் எழுதியிருக்கும் 'மைனஸ் 50 டிகிரி வரை பாதுகாப்பு' வெறும் எழுத்தாகிவிடும்.

எந்த முறையானாலும், திரும்ப நிரப்பியதும் எல்லாக் குழாயையும் மூடி பம்ப்பைப் போட்டுவிட்டுப் பேசாமல் நின்று கேளுங்கள். அழுத்தம் ஏறியதும் அது நிற்கவேண்டும். பிறகும் நிமிடத்துக்கு ஒருமுறை டுர்ரென்று ஓடினால் எங்கேயோ கசிகிறது; டார்ச்சை எடுத்துக்கொண்டு முதலில் கழிப்பறை வால்வின் பின்புறத்தைப் பாருங்கள்.