40 லிட்டர் பேக்பேக் என்று சொல்லி 7,500 பறித்தார்கள்: வாங்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் "சரி, போய்த் தொலையட்டும்" என்று விட்டுவிடுவேன். அவர்கள் நம்பியிருப்பதும் அதைத்தான். போனது 7,500. வந்தது, பள்ளிக்கூடப் பையை விடக் கொஞ்சம் பெரிய, மட்டமான ஒரு பை.

பயணப் பொருட்கள் மட்டுமே விற்பதாகச் சொல்லிக்கொள்ளும் ஓர் ஆன்லைன் கடை. பெயரைச் சொல்லிப் பயனில்லை, நாளைக்கே இதே படங்களோடு வேறு பெயரில் வந்து நிற்பார்கள். எப்படி ஏமாற்றுகிறார்கள் என்பது தெரிந்தால் போதும்.

டிராலியை விட்டு ஏன் பேக்பேக்குக்குப் போனேன் என்று கேட்பவர்களுக்கு: குறைந்த சாமானோடு போகிறவனுக்கு டிராலி வீண் சுமை. கையோடு எடுத்துப் போகும் பைக்குப் பல விமான நிறுவனங்கள் தருவதே 7 கிலோதான். சக்கரப் பெட்டி காலியாகவே இரண்டரை, மூன்று கிலோ இருக்கும். இழுக்கும் கைப்பிடியின் குழாய்கள் உள்ளே இடத்தைத் தின்னும். விமான நிலையத்தில் பையின் அளவு பார்க்கும் கூண்டுக்குள் வைக்கும்போது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சக்கரமும் கணக்கில் சேரும். நல்ல பேக்பேக் என்றால் ஒன்றரைக் கிலோவுக்குள் முடிந்துவிடும். மிச்சமாகும் எடைக்கு இரண்டு செட் துணியே வைக்கலாம். படிக்கட்டு, மணல், கல் பதித்த தெரு, தண்ணீர் தேங்கிய சாலை என்று எங்கே போனாலும் இரண்டு கையும் சும்மா இருக்கும். நிமிர்த்தி இழுக்கும் டிராலியை 1987-ல் உருவாக்கியவரே ராபர்ட் பிளாத் என்கிற விமானிதான். அது விமான நிலையத்தின் வழவழப்பான தரைக்காகப் பிறந்த பொருள், அங்கே அதை அடிக்க ஆளில்லை. முதுகுவலி உள்ளவர்களுக்கும் அதுதான் சரி, மறுக்கவில்லை. எனக்கு வேண்டியது வேறு.

இதையெல்லாம் அவர்களும் என்னிடம் சொன்னார்கள். வயிறு எரிவதே அதனால்தான்.

அந்தக் கடையில் சாட் வசதி இருந்தது. சும்மா ஒரு கேள்வி கேட்டேன். பதில் சொன்ன ஆள் விற்கிற அவசரமே காட்டவில்லை. "உங்கள் உயரம் முக்கியமில்லை சார், முதுகின் நீளம்தான் முக்கியம். தலையைக் குனிந்தால் கழுத்தடியில் ஓர் எலும்பு புடைக்கும். அங்கிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு மட்டம் வரை அளந்து சொல்லுங்கள்" என்றார். அளந்தேன், 47 சென்டிமீட்டர். "அப்படியானால் மீடியம். எடையில் பெரும்பங்கை இடுப்பு தாங்க வேண்டும் சார், தோள் பையைப் பிடித்துக்கொண்டால் போதும். இடுப்புப் பெல்ட் கெட்டியாக இல்லாத பையை யார் விற்றாலும் வாங்காதீர்கள்" என்றார். அத்தனையும் உண்மை. மலையேறுகிறவர்களிடம் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். இவ்வளவு விஷயம் தெரிந்த ஆள் மட்டமான சரக்கை அனுப்புவார் என்று யாருக்குத் தோன்றும்? அந்தப் பாடம்தான் தூண்டில்.

அவர் காட்டிய பை 40 லிட்டர். முதுகுப் பக்கம் உறுதியான தகடு, பஞ்சு வைத்த இடுப்புப் பெல்ட், நீர் புகாத துணி, எடை 1.2 கிலோ. அளவு 52 × 34 × 23 சென்டிமீட்டர் என்று பக்கத்தில் போட்டிருந்தது. பெருக்கிப் பார்த்தேன், 40 லிட்டருக்குச் சற்று மேலே வந்தது, கணக்குச் சரி. விலை 7,500. தள்ளுபடி விலை என்பதால் முன்பணம் மட்டும்தான், பொருள் வந்த பிறகு கொடுக்க முடியாதாம். கட்டினேன்.

பை வரவே வரவில்லை. கேட்டால் "கிளம்பிவிட்டது சார்". மறுபடி கேட்டால் "வழியில் இருக்கிறது சார்". பயணம் கிளம்புவதற்கு முந்தின நாள் இரவு வந்து சேர்ந்தது. அது தற்செயல் என்று இப்போது நான் நம்பவில்லை. திருப்பி அனுப்ப நேரமிருக்கக் கூடாது, அவ்வளவுதான் திட்டம்.

பிரித்ததும் புளித்த வாடை. உள்பக்கம் கையை விட்டால் பிசுபிசுப்பு, விரலில் வெள்ளைச் செதில்கள். நீர் புகாமலிருக்கத் துணிக்குப் பூசும் பாலியூரித்தேன் பூச்சு, ஈரத்திலும் வெக்கையிலும் பல காலம் கிடந்தால் இப்படித்தான் சிதைந்து உரியும். அதாவது, எங்கோ கிடங்கில் மக்கிக் கிடந்த சரக்கு. டேப் வைத்து அளந்தேன். 45 × 30 × 20. பெருக்கினால் 27 லிட்டர். எடை 1.7 கிலோ. உறுதியான தகடு என்று சொன்னது, கையால் மடித்தால் மடங்கும் ஒரு ஸ்பாஞ்சுத் துண்டு. இடுப்புப் பெல்ட்? பையின் அடியில் தைத்த வெறும் நாடா, நுனியில் ஒரு பிளாஸ்டிக் பக்கிள். அது வயிற்றை அறுக்குமே தவிர எடையைத் தாங்காது. படத்தில் இருந்த பெல்ட்டே வேறு.

அந்த நேரத்தில் எந்தக் கடை திறந்திருக்கும்? இருப்பதில் அடைத்துக்கொண்டு கிளம்பினேன். ரயில் மாற வேண்டிய இடத்தில், நடைமேம்பாலப் படியேறும்போது இடது தோள்பட்டை வார் மேல்முனையில் கிழிந்து தொங்கியது. உள்ளே பார்த்தால் ஒரே வரித் தையல். இழுவை விழும் இடத்தில் நெருக்கமாகக் குறுக்கே போட்டு இறுக்க வேண்டிய தையல் எங்குமே இல்லை. அப்புறம் பெரிய ஜிப்பும் பிளந்துகொண்டது. மிச்ச வழி முழுக்கப் பையைக் கைக்குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தேன். 7,500 கொடுத்து.

புகார் செய்தேன். சாட்டில் இப்போது வேறு பெயர், வேறு ஆள். "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம் சார்."

27 லிட்டர்தானே இருக்கிறது என்று கேட்டால், "பக்கவாட்டுப் பைகளையும் சேர்த்துத்தான் 40 சார்". பக்கவாட்டில் இருப்பது தண்ணீர் பாட்டில் சொருகும் வலை! அதில் 13 லிட்டர் எப்படி வரும்? பைக்குள் சிறிய பிளாஸ்டிக் பந்துகளைக் கொட்டி நிரப்பிக் கொள்ளளவை அளக்கும் முறையே உலகத்தில் இருக்கிறது. எந்தப் பந்தும் வலைக்குள் நிற்காது என்று எழுதினேன். பதில் இல்லை.

வார் கிழிந்ததைக் கேட்டால், "எவ்வளவு எடை வைத்தீர்கள்?" பையோடு சேர்த்து 7 கிலோகூட இல்லை என்றேன். "5 கிலோ வரைதான் பரிந்துரை சார்." இது பக்கத்தில் எங்கே எழுதியிருக்கிறது? "உள்ளே அட்டையில் இருக்கும் சார்." அட்டையில் சலவைக் குறிப்பு மட்டும் இருக்கிறது. அதைப் படம் எடுத்து அனுப்பினேன். "அட்டையை வெட்டி எடுத்துவிட்டதால் இனி திருப்பி எடுத்துக்கொள்ள முடியாது சார்." வெட்டாத அட்டையைத்தான் படம் எடுத்து அனுப்பியிருந்தேன் ஐயா!

அடுத்த தடவை, "பயன்படுத்திய பொருள்". அதற்கடுத்து, "நாங்கள் விற்பனையாளர் மட்டும்தான், தயாரிப்பாளரிடம் கேளுங்கள்". தயாரிப்பாளர் யார்? பையில் பெயரே இல்லை. கடைசியாக வந்ததுதான் உச்சம்: "உங்களுக்குப் பேக்பேக் ஒத்துவரவில்லை என நினைக்கிறோம் சார். எங்களிடம் நல்ல டிராலி இருக்கிறது, பத்து சதவீதம் தள்ளுபடி தருகிறோம்." டிராலி வேண்டாம் என்று எனக்குப் பாடம் எடுத்த கடை! அதை அனுப்பிய கையோடு புகாரை மூடிவிட்டு, "எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம்?" என்று கேட்டார்கள். ஒன்று போட்டேன். சாயங்காலத்துக்குள் அது காணாமல் போய்விட்டது.

இன்னொன்று. புகாருக்குப் பிறகு அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தால், அளவு 45 × 30 × 20 என்று மாறியிருக்கிறது. தலைப்பில் மட்டும் இன்னும் 40 லிட்டர். பழைய பக்கத்தின் படம் என் போனில் இருக்கிறது. அதை வைத்து வங்கியில் பணம் திரும்பக் கேட்டு எழுதியிருக்கிறேன், நுகர்வோர் புகாரும் தயார். அந்த 7,500 வருமோ வராதோ, அலைய வைக்காமல் விடப் போவதில்லை.

எந்தப் பை வாங்கலாம் என்று நிதானமாக எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன், இப்போது அந்த மனநிலை இல்லை. அவசரத்துக்குச் சில மட்டும். டிராலியில் கோளாறு இருந்தால் நாலடி உருட்டினாலே தெரிந்துவிடும். பேக்பேக்கில் அப்படியில்லை, எடை ஏற்றிக் கொஞ்ச நேரம் நடந்தால்தான் வண்டவாளம் தெரியும். படத்தை நம்பவே நம்பாதீர்கள். முடிந்தால் நேரில் போய், உள்ளே ஆறேழு கிலோ வைக்கச் சொல்லி, இடுப்புப் பெல்ட்டை இறுக்கிவிட்டுத் தோள் வாரைத் தளர்த்திப் பாருங்கள். எடை இடுப்பில் உட்கார வேண்டும். உட்காரவில்லையா, வைத்துவிட்டு வாருங்கள்.

லிட்டர் கணக்கைப் பார்க்காதீர்கள், சென்டிமீட்டரைப் பாருங்கள். துணிக்கு "600 டெனியர்" என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள், அது நூலின் பருமன் மட்டும்தான், தையலைப் பற்றி ஒன்றும் சொல்லாது. தோள் வார் பையோடு சேரும் இடத்தை உள்பக்கமாகத் திருப்பிப் பாருங்கள். முகர்ந்தும் பாருங்கள், சிரிக்காதீர்கள்.

முன்பணம் மட்டும் என்றால் வேண்டாம். எவ்வளவு இனிக்கப் பேசினாலும் வேண்டாம். வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால், பணம் கட்டும் முன்பே பக்கம் முழுவதையும், சாட்டையும் சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள். பார்சல் பிரிப்பதை வீடியோ எடுங்கள். கிளம்பும் தேதியை மட்டும் அவர்களிடம் வாய் தவறிக்கூடச் சொல்லிவிடாதீர்கள். என்னிடம் அதைத்தான் முதலில் கேட்டார்கள்.