டீ.இ.ஏ. நோனோயேட்: சிலிண்டர் இல்லாமல் நைட்ரிக் ஆக்சைடு

குளூட்டாதையோனும் (செல்களில் உள்ள, கந்தகக் குழு கொண்ட சிறு மூலக்கூறு) நைட்ரிக் ஆக்சைடும் சேர்ந்து நைட்ரோசோகுளூட்டாதையோன் எவ்வளவு உருவாகிறது என்று அளக்க, வாயு சிலிண்டர் இல்லாத ஆய்வகத்துக்கு டீ.இ.ஏ. நோனோயேட் போதும்; கரைசலில் சிதைந்து நைட்ரிக் ஆக்சைடை வெளிவிடும் பொடி இது. பி.எச். 7.4-இல், 37 டிகிரியில் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகச் சிதையும். அறை வெப்பத்தில் அதற்கு 16 நிமிடம். ஒரு மோலுக்கு ஒன்றரை மோல் நைட்ரிக் ஆக்சைடு.

முதலில் லேபிளைப் பாருங்கள். டைஎத்தில்அம்மோனியம் உப்பின் மூலக்கூறு எடை 206.3, சோடியம் உப்புக்கு 155.1. முன்னதை வைத்துக்கொண்டு பின்னதன் எடையில் கணக்குப் போட்டால் ஸ்டாக் (மூலக் கரைசல்) கால் பங்கு நீர்த்துவிடும். டைஎத்தில்அம்மோனியம் உப்பு 10 மில்லிகிராமை 4.85 மில்லி சோடியம் ஹைட்ராக்சைடில் (10 மில்லிமோலார்) கரைத்தால் 10 மில்லிமோலார் ஸ்டாக். வெறும் தண்ணீரில் கரைத்தால் அங்கேயே சிதையத் தொடங்கிவிடும். அதே காரத்தில் 200 மடங்கு நீர்த்தால் 250 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சல் 0.325 காட்ட வேண்டும், 0.29-க்குக் கீழே போனால் அந்தக் குப்பியைத் தூக்கிப்போடலாம்.

பாஸ்பேட் பஃபரில் 1 மில்லிமோலார் குளூட்டாதையோன், செம்பை அடக்க 0.1 மில்லிமோலார் டி.டி.பி.ஏ., மில்லிக்கு 5 மைக்ரோலிட்டர் ஸ்டாக். வாயு தப்பாமல் குழாயைக் கழுத்துவரை நிரப்பி மூடி, இருட்டில் 30 நிமிடம். நைட்ரிக் ஆக்சைடு தானாகப் போய்த் தயோலில் (குளூட்டாதையோனின் கந்தகக் குழுவில்) ஒட்டாது, ஆக்சிஜன் வேண்டும். கரைந்திருப்பதே இதற்குத் தாராளம். ஆர்கான் ஊதிய குழாயில் விளைபொருள் ஏறக்குறைய இராது.

335 நானோமீட்டரில் நேராகப் படிக்க ஆசை வரும். 10 மைக்ரோமோலாருக்கு 0.009தான் கிடைக்கும், ஆகவே சாவில் முறைதான்: பாதரசம் நைட்ரோசோதயோலை (நைட்ரோசோகுளூட்டாதையோன் இந்த வகை) உடைத்து நைட்ரைட்டாக்கும், கிரீஸ் வினைப்பொருள் நைட்ரைட்டோடு நிறம் தரும். கிரீஸ் வினைப்பொருளில் 0.2 சதவீத பாதரச குளோரைடு சேர்த்தும் சேர்க்காமலும் 540-இல் படித்துக் கழியுங்கள். தவறு நடப்பது இங்கேதான்: அமிலம் பட்டதும் மீதிக் குளூட்டாதையோன் நைட்ரைட்டைப் பிடித்து அங்கேயே புதிதாக நைட்ரோசோதயோல் செய்துவிடும். பாதரசம் இல்லாத குழியில் நிறம் குறையும், வித்தியாசம் பொய்யாக ஏறும். மீதிக் குளூட்டாதையோனை அடைக்க, அமிலத்துக்கு முன் 10 மில்லிமோலார் என்-எத்தில்மாலிமைடு போட்டு 5 நிமிடம் விடுங்கள். முழுக்கச் சிதையவிட்ட ஸ்டாக்கில் குளூட்டாதையோன் சேர்த்தும் ஒரு குழி ஓட்டுங்கள்; அதில் வித்தியாசம் வந்தால் அமிலப் படியில்தான் கோளாறு.

பெரிய குப்பி மலிவு என்று ஏமாற வேண்டாம். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஈரம் குடிக்கும். 10 மில்லிகிராம் குப்பிகளாக வாங்கி, மைனஸ் 80-இல் வைத்து, அறை வெப்பத்துக்கு வந்த பிறகே மூடியைத் திறங்கள்.