உம்கேனி முகத்துவாரத்துக்கு எந்த பைனாகுலர்?

பிப்ரவரி கடைசியும் மார்ச்சும் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கோடை முடிகிற நேரம். செப்டம்பரிலிருந்து இங்கே மேய்ந்த உள்ளான்கள் என்ற சின்னக் கரைப்பறவைகள் வடக்கே புறப்படுவதற்குள் கொழுத்துக்கொள்ளும். உம்கேனி ஆறு கடலில் சேருகிற ப்ளூ லகூன் பக்கம் போனால் கையில் என்ன வைத்துக்கொண்டு பார்ப்பது என்று கோயிலில் சந்திக்கிற நண்பர்கள் கேட்கிறார்கள். நான் வைத்திருப்பது 8×42 பைனாகுலர்: எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்லென்ஸ் 42 மி.மீ. அகலம். கம்பெனிப் பெயரை விட்டுவிடுகிறேன். ஏறத்தாழ 4,500 ராண்ட் விலையில் இந்த அளவில் கிடைக்கிற எதற்கும் கீழே சொல்வதில் முக்கால்வாசி பொருந்தும்.

கடையில் முதலில் நீட்டியது 10×50. பறவை தூரத்தில் இருக்கும், அதனால் பெரிதாகக் காட்டுவதுதான் நல்லது என்றார்கள். முகத்துவாரத்தில் இந்தக் கணக்கு செல்லாது. பத்து மடங்கு பெரிதாக்கினால் கை நடுக்கமும் பத்து மடங்கு. கடற்காற்று சும்மா விடாது, சாய்ந்து நிற்க மரமும் கிடையாது. அதைவிடக் கானல். பதினோரு மணிக்குப் பிறகு மணல்திட்டு கொதிக்க ஆரம்பித்துவிடும். அப்போது 10× காட்டுவது பறவையை அல்ல, நெளிகிற காற்றைத்தான். எட்டு மடங்கில் பார்க்கும் பரப்பும் அகலம். கூட்டம் ஒன்று திடீரென்று எழும்பி, திரும்பும்போது வெள்ளை வயிறெல்லாம் சேர்ந்து மின்னுகிறதே, அதைக் கண்ணிலிருந்து நழுவவிடாமல் பின்தொடரலாம்.

வெளிச்சக் கணக்கும் இருக்கிறது. 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25. கண்ணுக்குள் வருகிற ஒளிவட்டம் அத்தனை மில்லிமீட்டர். 10×42-இல் அது 4.2-தான். நடுப்பகலில் வித்தியாசம் தெரியாது, பொழுது சாயும்போது தெரியும். இங்கே நல்ல வெளிச்சம் கிடைப்பதும் அப்போதுதான். வேதாரண்யத்துக்காரனான எனக்கு இது பழக நாளானது: டர்பனில் உச்சிவெயில் வடக்கே சாய்ந்து நிற்கும். தென்கரையில் நின்று ஆற்றைப் பார்த்தால் வெயில் நேரே முகத்தில் அடிக்கும், பறவையெல்லாம் கறுப்பு நிழல். எந்த லென்ஸ் போட்டாலும் அதற்கு மருந்தில்லை. மாலை நாலரைக்கு மேல் வெயில் மேற்கே இறங்கிய பிறகு போங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் தண்ணீர் காலை பத்து மணிவாக்கில் வற்றும், மாலையில் ஏறியிருக்கும். அதனால் அரைநிலா நாட்களைப் பார்த்துப் போனால் திட்டு வெளியே தெரிவதும் மாலை வெளிச்சமும் ஒத்துவரும். கடல் வற்றும் நேர அட்டவணை பார்க்காமல் போகிறவருக்கு ஒரு லட்சம் ராண்ட் பைனாகுலர் கொடுத்தாலும் வீண்.

லென்ஸ் நன்றாயிருக்கிறதா என்று சோதிக்க மணல்திட்டில் உட்கார்ந்திருக்கும், மீன் பிடிக்கிற கடற்பறவையான ஆலாக் கூட்டத்தைவிட நல்ல பரீட்சை இல்லை. எல்லாம் வெள்ளை உடம்பு, கறுப்புத் தலை. அலகில்தான் விஷயம். பெரிய கொண்டை ஆலாவுக்கு எலுமிச்சை மஞ்சள், சிறிய கொண்டை ஆலாவுக்கு ஆரஞ்சு, சாண்ட்விச் ஆலாவுக்குக் கறுப்பு அலகில் நுனி மட்டும் மஞ்சள், காஸ்பியன் ஆலாவுக்குத் தடித்த சிவப்பு. மலிவு லென்ஸில் மஞ்சளும் ஆரஞ்சும் ஒன்றாகிவிடும், வெள்ளை இறகைச் சுற்றி ஊதா ஓரம் விழும். என்னுடையதில் நடுவில் நிறம் சுத்தம். ஓரத்தில் கொஞ்சம் ஊதா உண்டு. இந்த விலைக்கு நான் அதைக் குறையாகச் சொல்லமாட்டேன்.

வளைமூக்கு உள்ளானை இதில் தாராளமாக அடையாளம் காணலாம். கீழ்நோக்கி வளைந்த அலகு, கறுப்புக் கால், பறக்கும்போது வாலுக்குமேல் வெள்ளை. மார்ச்சில் சாம்பல் உடம்பில் செங்கல் நிறம் திட்டுத்திட்டாக ஏறும். ஐம்பது அறுபது கிராம் எடையுள்ள இந்தப் பிராணி முட்டையிடுவது சைபீரியாவின் வடகோடியில். கோடியக்கரைக்கு வருவதும் இதே இனம்தான். நிறம் ஏறாமலே நிற்கிறதைப் பார்த்தால் பெரும்பாலும் போன வருஷத்துக் குஞ்சு, அது இந்தக் குளிர்காலத்தை இங்கேயே கழித்துவிடக்கூடும். ஆனால் கொசு உள்ளான் எட்டிப்போய் நின்றால் 8× கைவிட்டுவிடும். அது சின்னது, துருதுருவென்று ஓடுவது என்று மட்டும் தெரியும், இறகைப் படிக்க முடியாது. அதற்கு முக்காலியும் ஸ்கோப்பும் (ஒற்றைக்குழல் தொலைநோக்கி) வேண்டும். 10× வாங்கினால் தீருகிற பிரச்சினை இல்லை.

வடகரையில் பீச்வுட் அலையாத்திக் காட்டில் இன்னொரு லாபம். இரண்டு மீட்டர் கிட்டத்திலும் ஃபோகஸ் ஆவதால், சேற்றில் ஒற்றைக் கொடுக்கை ஆட்டிக் கூப்பிடுகிற நண்டுகளை உட்கார்ந்தபடியே பார்க்கலாம். பறவை வராத நாளில் நான் இதற்கே போவதுண்டு.

குறைகள் உண்டு. கூட வந்த கழுத்துப் பட்டை கயிறு மாதிரி அறுக்கிறது, தோளில் மாட்டுகிற பட்டை தனியாக வாங்கினேன். வலக்கண் வளையம் ஒரு வருஷத்திலேயே தளர்ந்துவிட்டது. உள்ளே நைட்ரஜன் அடைத்திருப்பதால் உட்புறம் பனி படிவதில்லை, ஆனால் ஏசி காரிலிருந்து எடுத்தவுடன் டர்பன் ஈரக்காற்றில் வெளிக்கண்ணாடி மங்கும், சிறிது நேரம் பொறுக்கவேண்டும். உப்புப் படிந்த லென்ஸைச் சட்டைத் துணியால் துடைக்காதீர்கள், கோடு விழும். முதலில் நல்ல தண்ணீர், பிறகு துணி.

தனியாகப் போகவேண்டாம், கழுத்தில் தொங்குகிற சாமான் திருடர் கண்ணை உறுத்தும். நான் தூண்டில் போடுகிற பக்கத்து வீட்டு அங்கிளோடு போவேன். அவருக்கு உள்ளான் மேல் அக்கறை இல்லை. “தம்பி, ஆலா எங்கே பாய்கிறது, அதைச் சொல்” என்பார். ஆலா பாய்கிற இடத்தில் மீன். இப்போதெல்லாம் பைனாகுலர் பாதி நேரம் அவர் கையில்தான்.

மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் கடையிலேயே கண்ணாடியோடு பார்த்து வாங்குங்கள். பெட்டியில் ‘ஐ ரிலீஃப்’ என்று ஒரு எண் இருக்கும். அது 15 மி.மீ.க்குக் கீழே போனால் படத்தின் ஓரம் வெட்டுப்படும், இந்த 8×42-இன் அகலமெல்லாம் உங்களுக்குக் கிடைக்காது.