நெல் மில்காரன் படித்த எக்ஸிகியூட்டிவ் எம்.பி.ஏ.: 11 லட்சத்துக்கு என்ன கிடைத்தது?

திருநெல்வேலி மாவட்டம் வீரவநல்லூர்ப் பக்கம் எங்களுக்கு ஒரு நெல் அவியல் மில் இருக்கிறது. அப்பா தொடங்கியது. இப்போது அண்ணனும் நானும் பார்க்கிறோம். 2022-இல், 41 வயதில், சென்னையிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் பிசினஸ் ஸ்கூலில் எக்ஸிகியூட்டிவ் எம்.பி.ஏ. சேர்ந்தேன். இரண்டு வருடப் படிப்பு. மாதம் இரண்டு முறை சனி, ஞாயிறு நேரில் வகுப்பு, நடுவே சில வாரநாள் இரவுகளில் ஆன்லைன். கட்டணம் 11 லட்சம் ரூபாய், நான்கு தவணை. 2024-இல் முடித்தேன். திட்டவும் போகிறேன் என்பதால் பள்ளியின் பெயரை விட்டுவிடுகிறேன்.

"எய்யா, தலை நரைச்ச பொறவு என்ன பள்ளிக்கூடம்?" என்று அம்மா கேட்டாள். அவளிடம் சொல்லாத காரணத்தை இங்கே சொல்கிறேன். ஒவ்வொரு வருடமும் ஆடிட்டர் லாபம் என்று ஒரு தொகையைக் காட்டுவார். அதற்கு வரியும் கட்டுவோம். ஆனால் பிசானப் பருவ நெல் அறுவடை வந்து, விவசாயிக்குக் கையில் பணம் எண்ணிக் கொடுக்கவேண்டிய நேரத்தில், ஓவர்டிராப்டுக்காக பேங்க் வாசலில் நிற்போம். லாபம் வந்தது என்றால் அந்தப் பணம் எங்கே? பத்து வருடமாக இந்தக் கேள்வி என்னைக் குடைந்துகொண்டிருந்தது.

1990-இல் தொடங்கிய மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகம் அபிஷேகப்பட்டியில் இருக்கிறதே, அங்கே எம்.பி.ஏ. படிக்கலாமே என்று பலர் கேட்டார்கள். முழுநேரப் படிப்புக்கு மில்லைப் பூட்டிவிட்டுத்தான் போகவேண்டும். வேலையில் இருப்பவர்கள் வேலையை விடாமல் படிக்கும் எக்ஸிகியூட்டிவ் முறை 1943-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. அதை நம் ஊர்ப் பள்ளிகள் சனி, ஞாயிறுக்குத் தோதாக மாற்றிக்கொண்டிருக்கின்றன.

சேரும் முன் ஒரு விஷயத்தைக் கட்டாயம் விசாரியுங்கள்: முடிவில் கையில் தருவது பட்டமா, டிப்ளமாவா, வெறும் சான்றிதழா? எம்.பி.ஏ. என்ற பட்டத்தைப் பல்கலைக்கழகம் தரலாம். ஐஐஎம்கள்கூட 2017-ஆம் வருடச் சட்டம் வரும்வரை டிப்ளமாதான் கொடுத்துவந்தன. இணையத்தில் ஒருமுறை போன் நம்பரைக் கொடுத்துவிட்டால் போதும், தினம் ஒரு 'கவுன்சிலர்' கூப்பிடுவார். எனக்கு வந்தவர்களில் ஒருவர் 11 மாத ஆன்லைன் சான்றிதழை "எம்.பி.ஏ. மாதிரியேதான் சார்" என்று விற்கப் பார்த்தார். நான் குருணையை அரிசி மாதிரியேதான் என்று விற்றால் கடைக்காரன் சும்மா விடுவானா?

சரி, படிப்புக்கு வருகிறேன்.

முதல் செமஸ்டரில் கணக்கியல் எடுத்த மேடம் இரண்டாவது வகுப்பிலேயே, "புத்தகத்தில் இருக்கும் கம்பெனி வேண்டாம். அவரவர் கணக்கைக் கொண்டு வாருங்கள்" என்று சொல்லிவிட்டார். ஐ.டி.காரர்கள் முழித்தார்கள், அவர்கள் கையில் கணக்கு ஏது? நான் மூன்று வருட பேலன்ஸ் ஷீட்டை மஞ்சள் பையில் போட்டு எடுத்துப் போனேன். அன்று போட்ட கணக்கை அப்படியே தருகிறேன்.

நெல் வாங்கிய நாளிலிருந்து அரிசியாகி லாரி ஏறும்வரை சராசரி 70 நாள். அரிசிக் கடைக்காரர் பணம் தர 48 நாள். நாங்கள் விவசாயிக்கும் தரகருக்கும் கொடுக்க எடுத்துக்கொள்வது வெறும் 6 நாள். 70-ம் 48-ம் 118. அதில் 6 போனால், நம் பணம் முடங்கிக் கிடப்பது 112 நாள். எங்களுக்கு ஒரு நாளைக்குச் சராசரி ஒன்றரை லட்சம் ரூபாய் தொழிலுக்குள் போகிறது. ஆக 1 கோடியே 68 லட்சம் ரூபாய், வருடம் முழுக்க, குடோனில் நெல்லாகவும் ஊர் ஊராகக் கடனாகவும் கிடக்கிறது. பத்தரை சதவீத வட்டியில் வருடத்துக்கு 17 லட்சத்து 64 ஆயிரம். பத்து வருடக் கேள்விக்கு ஒரு மணி நேரத்தில் பதில் கிடைத்துவிட்டது. மதியம் சாப்பாடு இறங்கவில்லை.

திங்கள்கிழமை மில்லுக்கு வந்து எங்கள் கணக்கப்பிள்ளை அண்ணாச்சியிடம் அந்தத் தாளைக் காட்டினேன். அப்பா காலத்திலிருந்து இருப்பவர். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "இதத்தான தம்பி உங்க அப்பா 'நம்ம பணம் ஊரான் கடையில தூங்குது'ன்னு சொல்லுவாவ. எத்தன நாள் தூங்குதுன்னு அவிய எண்ணிப் பாக்கல, அம்புட்டுதான்" என்றார்.

உடனே புத்திசாலித்தனமாக ஒரு திட்டம் போட்டேன். 15 நாளில் பணம் கொடுத்தால் 1 சதவீதம் தள்ளுபடி. மேடம் சிரித்தார். 33 நாள் முன்னால் வாங்குவதற்கு 1 சதவீதம் கொடுத்தால், வருடக் கணக்கில் அது 11 சதவீதம். பேங்க் வட்டியே பத்தரைதானே, யாருக்கு லாபம்? அரை சதவீதமாகக் குறைத்தோம். கடையம் பக்கத்துக் கடைக்காரர் ஒருவர், "உங்கய்யா ஒருநாளும் என்ட்ட இப்படிக் கேட்டதில்ல தம்பி" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவரையும் இன்னொருவரையும் இழந்தோம். மற்றவர்களிடம் 48 நாள் 38 ஆனது. பத்து நாள் என்றால் 15 லட்சம். என் கட்டணத்தைவிடக் கூடுதலான பணம் சுழற்சியிலிருந்து கைக்கு வந்தது. லாபம் என்று சொல்ல முடியாது, நம் பணமே நம்மிடம் திரும்பி வந்தது. ஆனாலும் அடுத்த பிசானத்துக்கு பேங்க் மேனேஜரைப் பார்க்கப் போகவில்லை.

இந்த ஒரு பாடத்துக்கு ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன்.

ஆபரேஷன்ஸ் என்கிற உற்பத்தி மேலாண்மைப் பாடமும் அப்படித்தான் வேலை செய்தது. நிறம் மாறிய அரிசியைப் பிரித்தெடுக்கும் கலர் சார்ட்டர் மெஷின் ஒன்றை வாங்க அண்ணன் துடித்துக்கொண்டிருந்தார், கொட்டேஷன்கூட வாங்கிவிட்டார். ஊறல், அவியல், உலர்த்தல், அரவை, பாலிஷ் என்று வரிசையாக எழுதி, எந்த இடத்தில் நெல் காத்துக் கிடக்கிறது என்று பார்க்கச் சொன்னார் பேராசிரியர். களத்தில் எப்போதும் 21 டன் காய்கிறது, நாளைக்கு 7 டன் அரைக்கிறோம், ஆக ஒரு நெல்மணி களத்தில் 3 நாள் கிடக்கிறது. இந்த எளிய வகுத்தலுக்கு லிட்டில் விதி என்று பெயர், 1961-இல் ஜான் லிட்டில் என்பவர் நிரூபித்தது. ஐப்பசி மழையில் அந்த 3 நாள் 5, 6 ஆகும். அரவை மெஷின் சும்மா நிற்கும். கடைசியில் இருக்கிற சார்ட்டரை எவ்வளவு வேகமாக்கி என்ன? டிரையர் வாங்கினோம். 100 கிலோ நெல்லில் 20 கிலோ உமிதானே, அதையே எரித்துக் காயவைக்கிறோம். அண்ணன் இன்னும் சார்ட்டரை மறக்கவில்லை.

அதே பாடத்தில் ஒரு விளையாட்டு உண்டு. பீர் கேம் என்பார்கள், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் உருவானது. கடைக்காரர், மொத்த வியாபாரி, டிஸ்ட்ரிபியூட்டர், ஆலை என்று நான்கு பேர் உட்கார்ந்து ஆர்டர் போடவேண்டும். கடைக்காரர் கொஞ்சம் கூட்டிக் கேட்டால், பின்னால் இருப்பவர்கள் பயந்துபோய் அதைப் பெருக்கிப் பெருக்கிக் கேட்பார்கள். வகுப்பில் எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. 2023 ஜூலையில் பாசுமதி அல்லாத பச்சரிசி ஏற்றுமதிக்குத் தடை வந்தது. ஆகஸ்டில் புழுங்கலுக்கு 20 சதவீத ஏற்றுமதி வரி போட்டார்கள். ஏற்றுமதியோடு எங்களுக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆனாலும் அரிசி கிடைக்காமல் போகுமோ, விலை ஏறுமோ என்று கடைகள் இரண்டு மடங்கு கேட்டன, நாங்களும் நெல்லை அள்ளிப் போட்டோம், பிறகு இரண்டு மாதம் ஒருவரும் போனை எடுக்கவில்லை. விளையாட்டை ஆறு மாதம் முன்னால் ஆடியிருந்தால் ஒரு குடோன் நெல் மிஞ்சியிருக்காது.

இனி குறைகள்.

ஸ்ட்ராட்டஜி பாடம் வீண். ஆன்லைனில் 80-க்கு மேல் ஸ்லைடு, பேராசிரியர் அதை அப்படியே வாசிப்பார். நிஜக் கம்பெனி ஒன்றின் கதையை எடுத்து அலசும் கேஸ் ஸ்டடி எல்லாம் அமெரிக்க விமானக் கம்பெனி. அகமதாபாத் ஐஐஎம் 1961-இல் தொடங்கிய காலத்திலேயே ஹார்வர்டின் துணையோடு கேஸ் முறையை இங்கே கொண்டுவந்தது. இத்தனை வருடம் ஆகியும் எங்கள் வகுப்பில் ஒரு நெல் மில், ஒரு தீப்பெட்டி ஆபீஸ், ஒரு பீடிக் கம்பெனி கேஸாக வரவில்லை. மார்க்கெட்டிங் பேராசிரியரிடம் 26 கிலோ பை ஏன் என்று தெரியுமா என்று கேட்டேன். தெரியவில்லை. 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையிலான பேக் செய்த அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது, அதனால் மில்கள் எல்லாம் 26 கிலோவுக்குத் தாவின. அவர் நல்ல மனிதர், அடுத்த வகுப்பில் விலை நிர்ணயத்துக்கு அதையே உதாரணமாக எடுத்து நடத்தினார். ஸ்ட்ராட்டஜிகாரராக இருந்தால் கேள்வியே கேட்க விட்டிருக்க மாட்டார்.

குரூப் புராஜெக்ட் என்றால் ஐந்து பேர் பெயர், ஒருவர் உழைப்பு. இது எல்லாப் பள்ளியிலும் உண்டாம்.

பெரிய மனக்கசப்பு அலுவலகத்தால் வந்தது. 2023 டிசம்பர் 17, 18 மழை நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை தாண்டி திருநெல்வேலி ஜங்ஷனுக்குள் நுழைந்தது. எங்கள் குடோனின் அடி வரிசை மூட்டைகள் ஊறி, இரண்டாம் நாளே முளைவிட்ட வாடை. கரண்ட் இல்லை, டவர் இல்லை. அந்த வாரக் கடைசியில் ஆன்லைன் தேர்வு. எழுத முடியவில்லை. அலுவலகத்திலிருந்து மெயில் வருகிறது: வராததற்கு அரசு அலுவலரிடம் சான்று வாங்கி அனுப்பவும். ஊரே தண்ணீரில் மிதப்பதை டிவியில் காட்டிக்கொண்டிருக்கிறார்கள், நான் வி.ஏ.ஓ.வைத் தேடி எந்தப் படகில் போவது? கடைசியில் மறுதேர்வுக்கு 5,000 ரூபாய் கட்டித்தான் எழுதினேன். கணக்கியல் மேடம் எனக்காகச் சண்டை போட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

பயணம் தனிக் கதை. வெள்ளி இரவு நெல்லை எக்ஸ்பிரஸ், சனி காலை எழும்பூர், ஞாயிறு இரவு மறுபடியும் ரயில். 2023 செப்டம்பரில் வந்தே பாரத் வந்தபோது வீட்டில் எனக்குத்தான் வாழ்த்துச் சொன்னார்கள். அது காலையில் கிளம்பி மதியம்தான் சென்னை போகிறது, அங்கிருந்து திரும்பக் கிளம்புவதும் மதியம். சனிக்கிழமை காலை வகுப்புக்கு அதை வைத்து என்ன செய்ய? ஏசி டிக்கெட், சனி இரவு லாட்ஜ், ஆட்டோ, சாப்பாடு என்று ஒரு நடைக்கு ஐயாயிரத்துக்குக் குறையாது. சுமார் 45 நடை. அந்த இரண்டேகால் லட்சத்தை எந்தக் கையேட்டிலும் போட மாட்டார்கள், நீங்கள்தான் கூட்டிக்கொள்ளவேண்டும். என் மகள் அந்த இரண்டு வருடத்தில் ஏழாம் வகுப்பிலிருந்து ஒன்பதுக்குப் போய்விட்டாள். அதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று மேடத்திடம் கேட்கவில்லை.

வகுப்புத் தோழர்கள் முதலில் அல்வா கேட்டார்கள். முதல் செமஸ்டர் முழுக்க திருநெல்வேலி டவுனில் வரிசையில் நின்று வாங்கிப் போனேன். இரண்டாவதிலிருந்து அம்பை 16 ரக அரிசியை ஒரு கிலோ பையில் கட்டிக் கொடுத்தேன். மதுரை மருத்துவமனை ஒன்றில் நிர்வாகியாக இருக்கும் தோழி அதைக் கேண்டீனில் கொடுத்து வடிக்கச் சொன்னார். இன்று மாதம் 40 மூட்டை அங்கே போகிறது, 30 நாளில் பணம். தூத்துக்குடி துறைமுகத்தில் கன்டெய்னர் வேலை பார்ப்பவர் ஒருவர் இருந்தார். டீக்கடையில் அவரிடம் கற்ற லாரி வாடகைக் கணக்கு எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை.

வேலை மாறலாம், சம்பளம் ஏறும் என்று நினைத்து வந்தவர்களுக்கு எங்கள் பள்ளி பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. கேம்பஸ் இன்டர்வியூ கிடையாது என்பதைச் சேர்ந்த பிறகுதான் பலரும் புரிந்துகொண்டார்கள். கல்விக் கடன் வாங்குவதாக இருந்தால், பழைய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்கு வட்டிக்கு 8 வருடம் வரை கழிவு உண்டு. எனக்கு அது உதவியது.

மொத்தத்தில் ஐந்துக்கு மூன்றரை. அலுவலகத்தை மட்டும் தனியாகப் போட்டால் ஒன்று. சேரும்போது வாங்கிய காப்புத் தொகை 20,000 ரூபாய் படிப்பு முடிந்த 60 நாளில் திரும்பும் என்று ரசீதில் அச்சடித்திருக்கிறது. மூன்று மெயில் போட்டாயிற்று. இன்னும் வரவில்லை. கணக்கப்பிள்ளை அண்ணாச்சி அதை வராக்கடனில் எழுதட்டுமா என்று கேட்கிறார்.