ஜெராக்ஸ் கடையில் விண்டோஸ் டிஃபெண்டர்: பல வருஷம் ஓட்டிப் பார்த்த பிறகு

காசு கொடுத்து ஆன்டிவைரஸ் வாங்கணுமா, விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே போதுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: போதும், ஆனால் போட்டது போட்டபடி விட்டால் போதாது. எங்கள் ஜெராக்ஸ், பிரிண்டிங் கடையில் விண்டோஸ் 10-க்கு மாறியதிலிருந்து அதுதான் காவல். ஊரில் உள்ள பென்டிரைவ் எல்லாம் வந்து போகிற இடம் இது. நடுவில் காசு கொடுத்து வேறொன்றும் போட்டுப் பார்த்தோம். அது வைரஸைப் பிடித்ததைவிட, ரினியூவல் பண்ணச் சொல்லி பாப்-அப் காட்டியதுதான் அதிகம்.

காலேஜ் புராஜெக்ட் சீசன் வந்தால் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். பென்டிரைவைத் திறந்தால் ஃபைல் ஒன்றும் இருக்காது, ஒரே ஒரு ஷார்ட்கட் மட்டும் நிற்கும்.

“அண்ணா, எல்லாம் போச்சா?”

“இரும்மா, அழியல. மறைச்சுதான் வெச்சிருக்கு.”

இந்த ஷார்ட்கட் வைரஸ் அசல் ஃபைல்களுக்கு ஹிட்டன், சிஸ்டம் என்று இரண்டு குறி போட்டு ஒளித்துவிடும். ஷார்ட்கட்டை கிளிக் செய்தால் முதலில் அதன் ஸ்கிரிப்ட் (ஒளிந்து ஓடும் கட்டளைகள்) ஓடும், கூடவே உண்மையான ஃபோல்டரும் திறக்கும். ஃபோல்டர்தான் திறந்துவிட்டதே, யாருக்குச் சந்தேகம் வரும்? அதற்குள் அது கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, அடுத்துச் செருகும் பென்டிரைவுக்குக் காத்திருக்கும். டிஃபெண்டர் அந்த ஸ்கிரிப்டைத் தூக்கிவிடும். ஒளிந்த ஃபைல்களை வெளியே எடுப்பது பெரும்பாலும் நம் வேலை: கமாண்ட் ப்ராம்ப்டில் அட்ரிப் கட்டளை கொடுத்து அந்தக் குறிகளை நீக்கினால், புராஜெக்ட் அப்படியே இருக்கும்.

புது மெஷின் வந்தால் நான் முதலில் மாற்றுவது, ஃபைல் எக்ஸ்டென்ஷனை, அதாவது பெயரின் கடைசியில் ஃபைல் எந்த வகை என்று சொல்லும் வாலைக் காட்டும் செட்டிங். 2000-ம் ஆண்டு உலகத்தையே ஆட்டிய ஐ லவ் யூ புழு, டெக்ஸ்ட் ஃபைல் மாதிரி பெயர் வைத்துக்கொண்டு, கடைசியில் இருந்த விபிஎஸ் என்ற ஸ்கிரிப்ட் வாலை மறைத்துத்தான் மெயிலில் பரவியது. இன்றைக்கும் விண்டோஸ் அந்த வாலைத் தானாகக் காட்டுவதில்லை. பிடிஎஃப் ஐகானோடு வரும் இன்வாய்ஸின் நுனியில் இஎக்ஸ்இ (புரோகிராம் என்பதற்கான வால்) தெரிந்தால் கை தானாக நின்றுவிடும்.

உண்மையில் பயப்பட வேண்டியது பென்டிரைவுக்கு அல்ல, காசு கட்டாமல் ஓட்டுவதற்காகப் பூட்டை உடைத்த கிராக் சாஃப்ட்வேருக்கு. தெரிந்த ஸ்டுடியோக்காரர் ஒருவர் போட்டோ எடிட்டிங் கிராக் இறக்கினார். “முதலில் ஆன்டிவைரஸை ஆஃப் செய்யவும்” என்று அதிலேயே எழுதியிருந்தது, செய்தார். கல்யாண ஆல்பம் அத்தனையும் பெயர் மாறிப் பூட்டிக்கொண்டது. ஃபோல்டருக்கு ஃபோல்டர் ஒரு ரீட்மீ ஃபைல்: 980 டாலர் கட்டு, 72 மணி நேரத்துக்குள் என்றால் 490. பெரும்பாலும் கிராக் வழியாகப் பரவும் ஸ்டாப் டிஜேவியூ ரேன்சம்வேர் (ஃபைலைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) இது. பூட்டும்போது அதன் சர்வரோடு தொடர்பு கிடைக்காமல் போயிருந்தால், சில சமயம் இலவச டிகிரிப்டரால் திறக்க முடியும். தொடர்பு கிடைத்திருந்தால் பேக்கப்தான் கதி. வீட்டுக்காரரே தாழ்ப்பாளைத் திறந்துவிட்டால் எந்தக் காவலும் நிற்காது.

டிஃபெண்டரில் இதற்கென்றே ‘கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்’ இருக்கிறது. 2017-லேயே வந்துவிட்டாலும் நாமாகத்தான் ஆன் செய்யணும். அனுமதி இல்லாத புரோகிராம் எதையும் அது காக்கும் ஃபோல்டர்களில் எழுத விடாது. ஆரம்பத்தில் நம் பழைய டிடிபி சாஃப்ட்வேரையே தடுக்கலாம், அதை ஒருமுறை அனுமதித்தால் முடிந்தது. ஆன்டிவைரஸுக்குக் கட்டும் காசில் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட்டிஸ்க் வாங்கி, காப்பி எடுத்ததும் கழற்றி வைத்துவிடுங்கள். செருகியே இருந்தால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

விண்டோஸ் 10 ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. டிஃபெண்டருக்கு வைரஸ் அடையாள அப்டேட் 2028 அக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. ஆனால் விண்டோஸில் இருக்கும் ஓட்டையை அது அடைக்காது. 2017 மே மாதம் வான்னாக்ரை ரேன்சம்வேர் தாக்கியபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச் மார்ச்சிலேயே வந்திருந்தது, போடாதவர்கள் மாட்டினார்கள். எங்களிடம் உள்ள பழைய மெஷினில் விண்டோஸ் 11 ஏறாது. அதன் நெட் ஒயரைக் கழற்றி, ஸ்கேனர் வேலைக்கு மட்டும் ஒதுக்கிவிட்டோம்.