திருவொற்றியூர் கூழ் வண்டி: நீண்ட தூரம் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்காக ஒரு விமர்சனம்

தேரடியிலிருந்து விம்கோ நகர் போகிற வழியில், மெட்ரோ தூண்களின் நிழல் விழுகிற ஓரமாக ஒரு கூழ் வண்டி நிற்கும். போர்டு இல்லை, பெயர் இல்லை, கூகுள் மேப்பில் தேடினால் வராது. இரண்டு அலுமினியக் குண்டான், அடுக்கி வைத்த எவர்சில்வர் சொம்புகள், தொட்டுக்கொள்ள ஏழெட்டுக் கிண்ணங்கள், அவ்வளவுதான் கடை. இரண்டு வருஷமாக நூறு கிலோமீட்டருக்கு மேல் போகிற என்னுடைய எல்லாப் பயணத்துக்கும் சாப்பாட்டில் பாதி இந்த வண்டியிலிருந்துதான் போகிறது. கூழ் வண்டி வட சென்னையில் தெருவுக்குத் தெரு இருக்கிறது, இதில் என்ன விமர்சனம் எழுத இருக்கிறது என்று கேட்பீர்கள். சைக்கிள் சாப்பாடாக இதை யாரும் எழுதி நான் பார்க்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

என் வீடு தண்டையார்பேட்டை. மணலிப் பக்கம் ஷிப்ட் வேலை. ஞாயிறு லீவு கிடைத்தால் விடியற்காலையில் கிளம்பிப் பழவேற்காடு போய் வருவேன், அது போக வர ஏறக்குறைய நூறு. மாதம் ஒரு தடவை வடக்கே ஆந்திரா பக்கம் போகிற ஜிஎன்டி ரோட்டைப் பிடித்து, செங்குன்றம், கும்மிடிப்பூண்டி, தடா, சூலூர்பேட்டை தாண்டி நாயுடுபேட்டைக்குக் கொஞ்சம் முன்னாலேயே திரும்பினால் 200 ஆகும். பிரெவே, அதாவது குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நீண்ட தூரச் சைக்கிள் பயணம், ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும், 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம்தான் கெடு. வேகம் பெரிய விஷயமே இல்லை, மணிக்குப் பதினெட்டு இருபதில் போனாலே முடித்துவிடலாம். வயிறு ஒத்துழைக்கிறதா என்பதுதான் விஷயம்.

முதலில் நானும் எல்லாரையும் போல எனர்ஜி ஜெல்தான் வாங்கினேன், ஓட்டும்போதே வாயில் பிழிந்துகொள்கிற சர்க்கரைப் பாகு பாக்கெட். ஒன்று 120 ரூபாய், உள்ளே 25 கிராம் சர்க்கரை. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ஏப்ரல் மாதம், திரும்பி வரும் வழியில் தடாவுக்கு முன்னாலேயே மூன்றாவது ஜெல்லைப் பிழிந்தேன். வெயிலில் கிடந்து அது பாகாக ஆகியிருந்தது. ஜெல்லுக்குப் பின்னால் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பது தெரியும், ஆனால் பாட்டிலில் மிச்சம் இருந்தது நாலு வாய்தான். நம் ஊர் வெயிலில் உடம்பைக் குளிர வைப்பதற்காக ரத்தம் தோல் பக்கம் ஓடும், மீதி காலுக்குப் போகும், வயிற்றுக்குக் கிடைப்பது குறைவு, அந்த நேரத்தில் கெட்டியான சர்க்கரையை உள்ளே தள்ளினால் அது நகராமல் நின்று குமட்டும். குமட்டியது. அப்புறம் அறுபது கிலோமீட்டருக்கு எதுவும் உள்ளே போகவில்லை. பொன்னேரி, மீஞ்சூர் வழியாக வரும்போது மத்தியானக் கடல்காற்று நேர் எதிரே, பக்கத்தில் கன்டெய்னர் லாரி, சாம்பல் தூசி. திருவொற்றியூர் வந்தபோது காலில் ஒன்றுமே இல்லை, சைக்கிளைத் தூணில் சாய்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

எதிரே அந்த வண்டி. வண்டிக்கார அக்கா என்னைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமலே ஒரு சொம்பு கரைத்து நீட்டினார். "இன்னா தம்பி, வெறும் வயித்தோடவா இம்மாந் தூரம் போவாங்க? மெதுவா குடி." புளிப்பும் உப்புமாக, மோர் வாசனையோடு, வாயெல்லாம் இனித்துக் கிடந்த நாளில் அது எப்படி இறங்கியது என்று சொல்லத் தெரியவில்லை. கால் மணி நேரத்தில் எழுந்து வீட்டுக்கு ஓட்டிப் போனேன். நிழலில் உட்கார்ந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். அதனால் ஒரு நாள் அனுபவத்தை நம்பாமல் அடுத்த ஆறு மாதம் இதையே ஓட்டிப் பார்த்தேன்.

முதலில் அக்கா எப்படிச் செய்கிறார் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லா வண்டியும் இப்படிச் செய்வதில்லை. கேழ்வரகு மாவை முதல் நாள் இரவே தண்ணீரில் கரைத்துப் புளிக்க வைக்கிறார். மறுநாள் சாயங்காலம் பச்சரிசி நொய்யை முதலில் குழைய வேகவைத்து, அது கொதிக்கும்போது புளித்த மாவைக் கொட்டிக் கட்டி தட்டாமல் கிண்டி, கையில் தண்ணீர் தொட்டுப் பார்த்தால் ஒட்டாத பதத்தில் இறக்குகிறார். ராத்திரி முழுக்க ஆறி, காலையில் அது கட்டியாக நிற்கும். அந்தக் கட்டியிலிருந்து வேண்டியதை எடுத்து மோர், உப்பு, தண்ணீர் விட்டுக் கரைத்துத் தருவதுதான் கூழ். சில இடங்களில் அவசரத்துக்குப் புளிக்க வைக்காமல் அன்றைக்கே காய்ச்சி நிறையத் தயிரை ஊற்றிப் புளிப்பாக்கிவிடுவார்கள், குடித்தால் மாவு வாசனை வரும், வயிற்றிலும் கனமாக நிற்கும். இங்கே அது இல்லை. நொய் நன்றாகக் கரைந்திருக்கிறது, வாயில் அங்கங்கே மட்டும் தட்டுப்படுகிறது.

கணக்கு. நான் வீட்டில் அதே பதத்தில் செய்து பார்த்தேன். 50 கிராம் கேழ்வரகு மாவும் 20 கிராம் நொய்யும் போட்டால் அக்கா கடைச் சொம்பு ஒன்றுக்குச் சரியாக வருகிறது. கேழ்வரகில் எடையில் ஏறக்குறைய எழுபது சதவீதம் மாவுச்சத்து, நொய்யில் அதைவிடக் கொஞ்சம் கூட. மொத்தத்தில் ஒரு சொம்பில் 50 கிராம், அதாவது இரண்டு ஜெல். நீண்ட நேரம் ஓட்டும்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து உள்ளே போக வேண்டும் என்பது விளையாட்டு உணவியலில் பொதுவாகச் சொல்லும் அளவு. ஆக ஒரு சொம்பு ஒரு மணி நேரத்துக்குத் தாங்கும். விலை 30 ரூபாய்.

உப்பு இன்னொரு பக்கம். வியர்வையில் ஒரு லிட்டருக்கு ஒரு கிராம் அளவுக்குச் சோடியம் போகும், ஆளுக்கு ஆள் நிறைய மாறும், எனக்கு ஜெர்சியில் வெள்ளைக் கோடு கோடாகப் படிகிற அளவுக்குப் போகிறது. வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே போனால் ரத்தத்தில் சோடியம் இறங்கித் தலைவலி, குமட்டல், குழப்பம் என்று ஆபத்தான இடத்துக்குப் போகலாம், இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கூழில் உப்பு தாராளமாக இருக்கிறது. ஆனால் ஒரு நாள் போல ஒரு நாள் இருப்பதில்லை. அக்கா கை அளவில் போடுகிறார், சில நாள் சப்பென்று இருக்கும். கேட்டால் ஒரு சிட்டிகை கூடப் போட்டுத் தருவார், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

எடுத்துக்கொண்டு போவதுதான் எனக்குப் பிடிபட நேரமான விஷயம். முதல் தடவை கரைத்த கூழைச் சைக்கிள் பாட்டிலில் ஊற்றி இறுக்கி மூடி எடுத்துப் போனேன். புளித்த பண்டம், உள்ளே நொதித்துக்கொண்டேதான் இருக்கும், வெயில் ஏற ஏற வாயு சேரும், ரோடு குலுக்கிக்கொண்டே வரும். மீஞ்சூர் ரயில்வே கேட்டில் நின்று மூடியைத் திறந்தேன், பாதிக் கூழ் பீய்ச்சிக்கொண்டு ஹேண்டில், முகம், பிரேக் எல்லாவற்றிலும் அடித்தது. காய்ந்த கூழ் பிரேக் கம்பியில் ஒட்டினால் எடுப்பது பெரிய வேலை. இதைக் கேட்டுவிட்டு அக்கா சொன்னதுதான் சரியான வழி: "கரைச்சு இன்னாத்துக்கு எடுத்தும் போற? கட்டியா எடுத்தும் போ, அங்க போயி மோர ஊத்திக் கரைச்சுக்கோ."

அதிலிருந்து இதுதான் முறை. சனிக்கிழமை மத்தியானத்துக்குள் சொல்லி வைத்தால் சாயங்காலம் காய்ச்சும்போது இரண்டு சொம்பு அளவுக்குக் கட்டியைத் தனியாக எடுத்து வைப்பார். நான் ராத்திரி எட்டு மணிக்கு என் டப்பாவைக் கொண்டுபோய் வாங்கி வருவேன், 50 ரூபாய். ஞாயிறு மூன்று மணிக்குக் கிளம்பும்போது டப்பா ஹேண்டில் பையில். கும்மிடிப்பூண்டி தாண்டி எங்காவது மோர் பாக்கெட் வாங்கி, வாய் அகலமான பாட்டிலில் பாதிக் கட்டியைப் போட்டு மோரும் தண்ணீரும் ஊற்றிக் குலுக்கினால் தயார். அங்கேயே குடித்துவிட வேண்டும், மிச்சம் வைத்து மூடக் கூடாது. மீதிப் பாதியைச் சூலூர்பேட்டையில் காலை எட்டரைக்குள் முடித்துவிடுவேன். அதற்கு மேல் ஏப்ரல், மே வெயிலில் வைத்திருந்தால் புளிப்பு ஏறிவிடுகிறது, வயிற்றை நம்பி விளையாட வேண்டாம்.

தொட்டுக்கொள்ள என்று பார்த்தால் இந்த வண்டிதான் திருவொற்றியூரில் எனக்குப் பிடித்தது. மோர் மிளகாய், கொத்தவரங்காய் வத்தல், வெங்காய வடகம், மிளகாய்த்தூள் தடவிய மாங்காய், உரித்த சின்ன வெங்காயம், அப்புறம் நெத்திலிக் கருவாடு வறுத்தது. அந்த நெத்திலியை எண்ணெய் வழியாமல் மொறுமொறுவென்று வறுக்கிறார், மணல் ஒரு துளி கடிபடாது, காசிமேட்டிலிருந்து வாங்கி இரண்டு தடவை அலசுவதாகச் சொன்னார். ஓட்டத்தின் நடுவில் நிற்கிறீர்கள் என்றால் மாங்காயும் வெங்காயமும் போதும். மோர் மிளகாயும் கருவாடும் தாகத்தைக் கிளப்பும், எண்ணெயும் காரமும் குனிந்து ஓட்டும்போது நெஞ்சுக்கு ஏறி வரும். வீட்டுக்குப் போக ஆறு கிலோமீட்டர்தான் பாக்கி என்றால் எல்லாவற்றையும் வாங்கிச் சாப்பிடுங்கள், நான் அப்படித்தான் செய்கிறேன்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். கேழ்வரகில் நார்ச்சத்து அதிகம், 100 கிராம் மாவில் 11 கிராம். நிதானமாக ஓட்டுகிறவர்களுக்கு அது தொந்தரவில்லை, ஆனால் வேகமாக அடித்து ஓட்டுகிற நாளில், அதுவும் முதல் தடவையாக, ஒரே மூச்சில் ஒரு சொம்பு குடித்தால் வயிறு கடமுட என்கும். என்னோடு வந்த நண்பர் ஒருவர் அப்படிக் குடித்துவிட்டு அடுத்த ஒரு மணி நேரத்தில் இரண்டு பெட்ரோல் பங்க் தேட வேண்டியதாகிவிட்டது. வீட்டில் நாலைந்து நாள் குடித்துப் பழகிக்கொண்டு அப்புறம் ரோட்டுக்குக் கொண்டுபோங்கள். அரைச் சொம்பு, இருபது நிமிஷம் மெதுவாக ஓட்டம், அப்புறம் வேகம்.

சுத்தம் ஓரளவு நன்று. கேன் தண்ணீர்தான் ஊற்றுகிறார், கையை விடாமல் கரண்டியாலும் மத்தாலும் கரைக்கிறார், ஐஸ் போடுவதில்லை. குண்டானுக்குத் தட்டு மூடி இருக்கிறது. ஆனால் வெங்காயமும் மாங்காயும் திறந்தே கிடக்கின்றன, அந்த ரோட்டில் லாரி தூசிக்குக் குறைவில்லை. ஒரு வலைமூடி வாங்கிப் போட்டால் நன்றாக இருக்கும், அக்காவிடமும் சொல்லியிருக்கிறேன். சொம்பு கழுவுகிற வாளித் தண்ணீர் பதினொரு மணிக்கு மேல் கலங்கலாகிவிடுகிறது. என் பாட்டிலிலேயே ஊற்றச் சொல்லிவிடுவேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

கூழ் மட்டும் வைத்து 200 ஓட்ட முடியுமா என்றால் முடியாது. பத்து மணி நேர ஓட்டத்துக்கு 400 கிராமாவது மாவுச்சத்து வேண்டும், எட்டுச் சொம்பு யாராலும் குடிக்க முடியாது. கிளம்பும் முன் நாலு இட்லி, எண்ணெய் இல்லாமல் பொடி மட்டும். வீட்டில் முடியாவிட்டால் காசிமேடு துறைமுகப் பக்கம் போனால், மீன் ஏலத்துக்கு வருகிறவர்களுக்காக அந்த நேரத்திலேயே டீக்கடை திறந்திருக்கும். வழியில் மணிக்கு ஒரு வாழைப்பழம் அல்லது இரண்டு துண்டு கடலைமிட்டாய். கடலைமிட்டாய் நல்ல சரக்குதான், ஆனால் கடலையின் கொழுப்பு மெதுவாகத்தான் செரிக்கும், முதல் பாதியில் சாப்பிட்டுவிடுங்கள். ஜெல்லை நான் முழுக்க விடவில்லை, கடைசி முப்பது கிலோமீட்டருக்கு என்று ஒன்று பின் பாக்கெட்டில் இருக்கும், தண்ணீர் நிறைய இருந்தால் மட்டும் தொடுவேன்.

ஒரு பாட்டிலில் ஓஆர்எஸ், அதாவது மெடிக்கலில் கிடைக்கிற உப்புச் சர்க்கரைப் பொடியைக் கரைத்த தண்ணீர். இதில் ஒரு குழப்பம் நிறையப் பேருக்கு இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான், அது போன தண்ணீரையும் உப்பையும் திரும்பக் கொடுக்கத்தான், காலுக்குச் சக்தி கொடுக்க அது போதாது. ஓஆர்எஸ் குடித்தேன், இருந்தும் கால் கழன்றுவிட்டது என்று சொல்கிறவர்கள் சாப்பிடாமல் ஓட்டியவர்களாகத்தான் இருப்பார்கள். மெடிக்கலில் வாங்கும்போது அந்த அளவு பாக்கெட்டில் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். அந்த அளவுக்கு ஒத்துவராத இனிப்புப் பானங்கள் ஓஆர்எஸ் என்ற பெயரைப் போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவு போட்டது, அதற்கு முன்பு நானே அந்த மாதிரி டெட்ரா பேக்கை வாங்கி ஏமாந்திருக்கிறேன்.

கடை நேரம் காலை ஆறரை, ஷிப்டுக்குப் போகிறவர்கள் கூட்டம் ஏழு முதல் எட்டு வரை. மத்தியானம் ஒரு மணி வரை என்று சொல்வார், ஆனால் ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரைக்கே குண்டான் காலியாகி நான் ஏமாந்து போனதுண்டு. இப்போதெல்லாம் 200 ஓட்டுகிற நாளில் முந்தின ராத்திரி கட்டி வாங்கும்போதே, திரும்பி வரும்போது குடிக்க ஒரு சொம்பு எடுத்து வைக்கச் சொல்லி முன்பணம் கொடுத்துவிடுகிறேன். திங்கட்கிழமை லீவு. ஆடி மாத ஞாயிறுகளில் அவர் தெரு அம்மன் கோயிலுக்குக் கூழ் காய்ச்சப் போய்விடுவார், வண்டி வராது. அன்றைக்கு நேராகக் கோயிலுக்கே போய் வரிசையில் நின்று வாங்கிக்கொள்ளலாம், சைக்கிள் டிரஸ்ஸோடு போனாலும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.